லேசான துப்பாக்கி

யார் வந்தாலும், பெயரைக் கேட்பதற்கு முன்னால் அக்கா கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ராத்திரி எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்ப கண்ணு?" வந்தவர் சிரிப்பார். சிரித்துக்கொண்டே வலது என்றோ இடது என்றோ சொல்வார். அதற்குள் அக்காவின் இரண்டு விரல்கள் அவருடைய கழுத்தெலும்புக்குக் கீழே தோள் குழியில் இருக்கும். கத்தரிக்காய் வாங்கும்போது அழுத்திப் பார்ப்போமே, அப்படி ஓர் அழுத்து. பிறகு உள்ளே போய் ஒரு துப்பாக்கியோடு வருவாள். அவள் அளவெடுப்பது அவ்வளவுதான்.

செய்யூர்ப் பக்கம் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே இருந்தது அந்தச் சுடுதளம். அங்கே ஆறு வருஷம் பதிவேடு எழுதினேன். பறக்கிற களிமண் தட்டைச் சுட்டு உடைப்பதுதான் விளையாட்டு. நிற்பவர் ஆங்கிலத்தில் "புல்", அதாவது இழு, என்று கத்தியதும் ஓர் இயந்திரம் உள்ளங்கை அகலத் தட்டை ஆகாயத்தில் வீசும். தோட்டாவுக்குள் கடுகு மாதிரி நிறைய ஈய ரவைகள் இருக்கும். அவை விரிந்து போய் தட்டில் பட்டால் தூள். கேளம்பாக்கத்து ஐ.டி. ஆட்கள் சனி, ஞாயிறு காரில் வருவார்கள், மாமல்லபுரம் விடுதிகளில் தங்குகிறவர்களும் வருவார்கள். துப்பாக்கி அறைக்கு, நாங்கள் எல்லாரும் அக்கா என்று கூப்பிட்ட அவள்தான் பொறுப்பு. யாருக்கு எந்தத் துப்பாக்கி என்று அவள்தான் முடிவு செய்வாள். முதலாளிகூட அதில் தலையிட மாட்டார்.

அவளைப் பற்றி எழுதும்போது 'அவர்' என்று மரியாதையாக எழுதத்தான் நினைத்தேன். கை வரவில்லை.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் சறுக்குவார்கள். குழலின் அகலத்தை அங்கே 'போர்' என்பார்கள். பன்னிரண்டு போர், இருபது போர் என்று இரண்டு வகை உண்டு. இருபதுதான் பெரியது என்று நினைப்பார்கள். உண்மை நேர் எதிர். பன்னிரண்டுதான் பருமன், இருபது ஒல்லி. அதைவிட ஒல்லியாக 'நானூற்றிப் பத்து' என்று ஒன்று, பார்ப்பதற்கு விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். இதைத் தெரிந்துகொண்டதும் அடுத்த தப்பைச் செய்வார்கள். ஒல்லியானது மெதுவாகத்தான் உதைக்கும், அதுவே நமக்குப் போதும் என்பார்கள்.

அதுவும் அப்படியில்லை. உதையைத் தீர்மானிப்பது துப்பாக்கியின் கனமும் தோட்டாவின் கனமும்தான். மூன்றரை கிலோவுக்கு மேல் இருக்கிற பன்னிரண்டில் இருபத்துநாலு கிராம் தோட்டா போட்டால், தோளை யாரோ உள்ளங்கையால் தள்ளுவது போலத்தான் இருக்கும். உதையை அந்தக் கனமே வாங்கிக்கொள்ளும். எங்களிடம் இருந்த இருபது போர் இரண்டரை கிலோகூட வராது. அதில் முப்பத்திரண்டு கிராம் தோட்டா போட்டால் கழுதை உதைதான். நானூற்றிப் பத்து அதிகம் உதைக்காது, ஆனால் அதில் ரவை கொஞ்சம். பழகின கைக்கே தட்டு தப்பும், புதுக் கைக்குத் தட்டு உடையவே உடையாது. ஆரம்பிக்கிறவருக்கு எது நல்லது என்று கேட்டால், கனமான பன்னிரண்டும் லேசான தோட்டாவும்தான். இது அக்காவுக்கு எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

தெரியும் என்பதற்குச் சாட்சி அந்த டாக்டர். அறுபது வயதைத் தாண்டியவர், கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு வந்தார். மகன் ஆசைப்பட்டானே என்று வந்திருந்தார், வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிற உத்தேசம். அக்கா இரண்டு விரலை வைத்தாள், படுக்கிற பக்கத்தைக் கேட்டாள், கனமான பன்னிரண்டை எடுத்துவந்து, தோளில் பதிகிற மரக்கட்டையின் பின்னால் ரப்பர் துண்டு ஒன்றைக் கட்டினாள். "கேக்கறத குடுக்கக் கூடாது சார், தாங்கறத குடுக்கணும்" என்றாள். அது அவள் எல்லாரிடமும் சொல்வது. பத்துத் தட்டில் எட்டை உடைத்தார் அவர். துப்பாக்கியைத் திருப்பித் தரும்போது அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கே உறுப்பினர் ஆனார்.

இன்னொருவன் வந்தான். கேளம்பாக்கத்து ஆள், கறுப்புக் கண்ணாடி. வண்டியை மரத்தடியில் விடக்கூடாது என்று சொன்ன வாட்ச்மேனை, வயதில் மூத்த மனுஷனை, "போய்யா" என்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். அக்கா ஜன்னலிலிருந்து பார்த்தாள். உள்ளே வந்தவன், "எது பெருசோ அதைக் குடுங்க, இருபது குடுங்க" என்றான். அக்காவின் முகத்தில் பால் பொங்கின மாதிரி ஒரு சிரிப்பு. "குடுத்துட்டாப் போச்சு சார்." என்னைப் பார்த்துத் திரும்பினாள். "மூணாவது அடுக்குல இருக்கிற டப்பாவ எட்த்துகினு வா கண்ணு."

மூன்றாவது அடுக்கில் இருந்தவை முப்பத்திரண்டு கிராம் தோட்டாக்கள். யாரும் தொடாத பழைய சரக்கு. பத்தாவது தோட்டாவில் அவன் கண்ணாடி கீழே விழுந்தது. இருபதாவதில் போதும் என்றான். "இன்னா சார், இன்னும் அஞ்சு கீதே" என்றாள் அக்கா, குரலில் அவ்வளவு பரிவு. பிறகு கால்சட்டைப் பையிலிருந்து நீலகிரித் தைலத்தை எடுத்து, கூச்சமே இல்லாமல் அவன் தோளில் தேய்த்துவிட்டாள். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போனான். கார் மறைந்ததும், "இன்னும் ஒரு வாரத்துக்கு வலது பக்கம் படுக்க மாட்டான்" என்றாள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். டப்பாவை எடுத்துக் கொடுத்தவள் நான். சந்தோஷமாகத்தான் கொடுத்தேன். கொடுமை அடுத்தவன் தோளில் விழும்போது எவ்வளவு ருசியாக இருக்கிறது.

அவள் கெட்டவள் என்று சொன்னால் அங்கே யாரும் நம்பமாட்டார்கள். வேர்க்கடலை வேகவைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்து எல்லார் கையிலும் ஒரு பிடி வைப்பாள். என் அம்மா மஞ்சள் காமாலையில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு பகல் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். அம்மாவுக்குத் தலை வாரிவிட்டாள். எங்களைப் போலவே அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட வீட்டில் பிறந்தவள். அங்கிருந்து துப்பாக்கியைத் தூக்கி மாநிலப் போட்டி வரை போய் ஒரு வெள்ளிப் பதக்கம் வாங்கினாள். அந்தப் பதக்கம் துப்பாக்கி அறையில் ஆணியில் தொங்கும். தினமும் துடைப்பாள். ஒரு நாள் துடைத்துக்கொண்டே, "இந்த எடத்துக்கு ஒரு பொம்பள போதும், இல்ல?" என்று கேட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நானும் தலையாட்டினேன்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த கதையையும் சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்துப் பெண்களுக்கு இலவசமாகப் பயிற்சி தருவதாக முதலாளி ஊரில் வாக்குக் கொடுத்திருந்தார். முதல் ஆளாகப் போய் நின்றவள் நான். அக்கா இரண்டு விரலை வைத்தாள். "பாவம், பூ மாதிரி கீது. உனக்கு லேசான துப்பாக்கிதான் கண்ணு சரி" என்று நானூற்றிப் பத்தைக் கையில் கொடுத்தாள். இருபத்தைந்து தட்டும் முழுசாகப் போய் மணலில் விழுந்தன. அழுதுவிட்டேன். என் கன்னத்தைத் துடைத்து, "இது எல்லாருக்கும் வராது கண்ணு. நீ படிச்ச பொண்ணு, உனக்கு எதுக்கு இது?" என்று சொல்லி, முதலாளியிடம் பேசி இந்தப் பதிவேட்டு வேலையை வாங்கிக் கொடுத்தாள். அவளைக் கோயில் கட்டாத குறையாகக் கும்பிட்டேன். அது எந்தத் துப்பாக்கி, ஏன் உடையவில்லை என்று எனக்குப் புரிய ஒன்றரை வருஷம் ஆனது. அதற்குள் என்னைப் போல இன்னும் ஏழெட்டுப் பெண்கள் லேசான துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தங்களுக்கு வராது என்று தாங்களே முடிவு செய்துகொண்டு பஸ் ஏறிப் போயிருந்தார்கள். யாரும் யாரையும் துரத்தவில்லை.

புரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறதே.

பிறகு செல்வி வந்தாள்.

சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரைக் குப்பம் அவளுக்கு. என் வயதுதான். மீன் கூடையைத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்றவள். அந்த வருஷம் முதலாளி புதிதாக ஒன்று சொல்லியிருந்தார். உள்ளூர்ப் பெண் ஒருத்தியை மாதச் சம்பளத்துக்கு எடுப்பது, அவளைப் போட்டிகளுக்கு அனுப்புவது. மூன்று ஞாயிறு பயிற்சி, மூன்றாவது ஞாயிறு அவர் முன்னால் இருபத்தைந்து தட்டு. பதினைந்தை உடைத்தால் வேலை. செல்வி என் மேசையில் பெயரைக் கொடுக்கும்போதே சொன்னாள். "வூட்டுக்காரருக்குக் கண்ணு மங்கிக்கினு வருது மே. வர்ற வருசம் கடலுக்குப் போவ முடியாதாம். இந்த வேல கெடச்சா அவர கரையிலயே குந்த வச்சிடுவேன்."

அக்கா அவளுக்கும் இரண்டு விரலை வைத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தாள். நானூற்றிப் பத்தை எடுத்துவந்தாள். "லேசானது, உனக்கு வலிக்காது."

பத்துத் தட்டு போனது. செல்வி நான்கை உடைத்தாள்.

அந்தத் துப்பாக்கியில், முதல் நாளில், நான்கு! துணியால் குழலைத் துடைத்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். "எங்கடி கத்துகின?" என்று கேட்டாள். செல்வி வெட்கப்பட்டுச் சிரித்தாள். "எங்கியும் இல்லக்கா. சின்ன வயசுலருந்து கருவாட்டுக்குக் காவலு. காக்காவ கல்லால அடிப்பேன். காக்கா கீற எடத்துல எறிஞ்சா படாது, அது போவப்போற எடத்துல எறியணும்." அக்கா அவளைக் கட்டிக்கொண்டாள். "கைல வித்த கீதுடி உனக்கு" என்றாள்.

என்னைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயிறு எரிந்தது. படித்த பெண் நான், இருபத்தைந்தில் ஒன்றுகூட உடைக்கவில்லை. கருவாட்டுக்குக் காவல் இருந்தவள் நான்கை உடைத்துவிட்டு ஒன்றுமே நடக்காத மாதிரி நிற்கிறாள்.

இரண்டாவது ஞாயிறு அக்கா இருபது போரை எடுத்துவந்தாள். "இன்னிக்கி உனக்குப் பொம்பளைங்களுக்குன்னே செஞ்ச துப்பாக்கி. பாரு, எவ்ளோ லேசா கீது." செல்வி அதைக் கையில் வாங்கி நெஞ்சோடு அணைத்துப் பார்த்தாள். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"மூணாவது அடுக்கு கண்ணு. ரெண்டு டப்பா."

உள்ளே போனேன். டப்பாவின் மேல் முப்பத்திரண்டு என்று அச்சாகியிருந்தது. அந்தச் சரக்கைப் பதிவேட்டில் ஏற்றியவளே நான்தான். கீழ் அடுக்கில், கை எட்டும் தூரத்தில், இருபது போருக்கான லேசான தோட்டாவும் இருந்தது. அதை எடுத்துப் போயிருந்தால் அக்கா அத்தனை பேர் முன்னால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. நான் நின்றேன். கறுப்புக் கண்ணாடிக்காரன் ஞாபகத்துக்கு வந்தான். என்னுடைய இருபத்தைந்து தட்டும் மணலில் விழுந்தது ஞாபகத்துக்கு வந்தது. வாசலில் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"இன்னா கண்ணு, தூக்க முடியலயா?"

மூன்றாவது அடுக்கிலிருந்து இரண்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஐம்பது தோட்டா. ஆம்பிளை ஒருத்தனே இருபதோடு வைத்துவிட்டுப் போன சரக்கு. செல்வி ஒரு முறைகூடப் போதும் என்று சொல்லவில்லை. வலி என்பது இந்த வேலைக்குக் கொடுக்க வேண்டிய கூலி என்று நினைத்துக்கொண்டாள் போல. பன்னிரண்டாவது வரை கண் திறந்திருந்தது. அதற்குப் பிறகு விசையை இழுப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே இமை மூட ஆரம்பித்தது. உதை வரப்போகிறது என்று உடம்பு தெரிந்துகொண்டால் கண் தானாக மூடிக்கொள்ளும். அப்படி ஒருமுறை பழகிவிட்டால் அதைக் கழற்றுவது லேசில்லை. இதையும் அக்காதான் எப்போதோ எங்களுக்குச் சொல்லியிருந்தாள். இப்போது அவள் செல்வியின் தோளைப் பார்க்கவில்லை. குனிந்து அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடுகிறதா, எத்தனையாவது தோட்டாவில் மூடுகிறது என்று.

எல்லாம் முடிந்ததும் செல்வியை உடை மாற்றும் அறைக்குள் அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள். தைல வாசனை வெளியே வந்தது. ஏதோ மெதுவாகப் பேசினாள், எனக்குக் கேட்கவில்லை. வெளியே வந்த செல்வி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. இரக்கப்பட்டுப் பார்ப்பது போல இருந்தது. ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

மூன்றாவது ஞாயிறு முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அக்கா அவர் கண்ணெதிரில் கனமான பன்னிரண்டை எடுத்தாள். இருபத்துநாலு கிராம் தோட்டா. டாக்டருக்குக் கட்டிய அதே ரப்பர் துண்டையும் கட்டினாள். உலகத்தில் ஒரு புதுக் கைக்கு அதைவிட நல்ல துப்பாக்கியைக் கொடுக்க முடியாது. செல்வி "புல்" என்று கத்தினாள். தட்டு பறந்தது. கண்ணை மூடினாள். சுட்டாள். இருபத்தைந்து முறை அப்படியேதான். இரண்டுதான் உடைந்தன.

"நல்ல துப்பாக்கியாத்தான் சார் குடுத்தேன்" என்றாள் அக்கா. குரல் கம்மியிருந்தது. "பரவாயில்லம்மா" என்று முதலாளி எழுந்தார். அந்த வருஷம் யாரையும் எடுக்கவில்லை, அதற்குப் பிறகும் எடுக்கவில்லை.

அக்கா வடக்கே ஏதோ ஒரு பெரிய சுடுதளத்துக்கு வேலை கிடைத்துப் போனாள். வழியனுப்பு விழாவில் மாலை, பிரியாணி, முதலாளியின் பேச்சு எல்லாம் இருந்தது. செல்வி ஒரு கூடை வஞ்சிரத்தோடு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கிளம்பும்போது அக்கா என் தோளில் இரண்டு விரலை வைத்தாள். "நீ நல்லா இருப்ப கண்ணு. வாயத் தொறக்காத பொண்ணு நீ." மனசாரத்தான் பாராட்டினாள்.

அந்த வேலையை விட்டு நானும் வந்துவிட்டேன். இப்போது கேளம்பாக்கத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். போன மாதம் சொந்தக்காரர் வீட்டுக் காரியத்துக்காகச் சதுரங்கப்பட்டினம் போனபோது, அங்கிருக்கிற பழைய கோட்டைக்குப் பக்கத்து மணலில் செல்வியைப் பார்த்தேன். நெத்திலி காயவைத்திருந்தாள். அதன் மேல் கிழிந்த பழைய வலை ஒன்றை விரித்துக் கட்டியிருந்தாள்.

"வா மே, இன்னா இந்தப் பக்கம்?" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தாள். வீட்டுக்காரர் எப்படியிருக்கிறார் என்று கேட்டேன். "பாதிக் கண்ணோட கடலுக்குப் போய்கினுதான் கீறார். இன்னா பண்றது?" என்றாள். வலை எதற்கு என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"காக்காவுக்குத்தான். முன்ன மாரி கல்லு எறிய வரல. கைய ஓங்குனா கண்ணு மூடிக்கிது." சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் நெத்திலியைப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். "ஒண்ணு கேக்கட்டா, கோச்சிக்காத. அந்த டப்பாவ நீ தெரியாமத்தான எட்த்தாந்த?"

எந்த டப்பா என்று கேட்கிற அளவுக்கு எனக்கு நெஞ்சழுத்தம் இல்லை.

"அந்த அக்கா தைலம் தேச்சிக்கினே அயுதுச்சு மே. 'அந்தப் பொண்ணு டப்பாவ மாத்தி எட்த்தாந்துட்டா, நானும் பாக்காம வுட்டுட்டேன். மொதலாளிக்குத் தெரிஞ்சா அவ வேல பூடும். அவங்கம்மாவுக்கு வேற ஒடம்பு சரியில்ல. யாராண்டயும் சொல்லாத'ன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கிச்சு. இன்னி வரைக்கும் நான் வூட்டுக்காரராண்ட கூட சொல்லல. உன் வேல பூடக் கூடாதுல்ல."

இத்தனை வருஷமாக என் சம்பளத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். அக்கா போய்விட்டாள், அந்த வேலையும் என்னிடம் இல்லை, உண்மையைச் சொன்னால் எனக்கு நஷ்டம் என்று ஒன்றுமே கிடையாது. தெரிந்துதான் எடுத்தேன் செல்வி. இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும்.

"ஆமா செல்வி" என்றேன். "தெரியாமத்தான்."

"எனக்குத் தெரியும் மே" என்று அவள் முகம் மலர்ந்தது. இரண்டு கை நிறைய நெத்திலியை அள்ளி, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல என் பையில் திணித்தாள்.

வலையின் ஓரத்தில் ஒரு காகம் வந்து உட்கார்ந்து கண்ணி வழியே மூக்கை நுழைத்தது. செல்வி பழக்கத்தில் ஒரு கல்லை எடுத்தாள். கை ஓங்கியது. கண் மூடிக்கொண்டது. அப்படியே கையைத் தாழ்த்தி, கல்லை என்னிடம் நீட்டினாள்.

"நீ எறி மே."

எறிந்தேன். காகம் நகரக்கூட இல்லை.